விறகடுப்பு பற்றவைப்பது எப்படி? பெட்ரோல் கேன் இல்லாமல் தொடங்குவோருக்கு

கேஸ் அடுப்பின் திருகைத் திருப்பியே பழகிய கைகள் விறகடுப்பின் முன் வந்து நிற்கும் சந்தர்ப்பங்கள் குறையவில்லை. தோட்டத்து வீட்டில் வெந்நீர் அடுப்பு, குலதெய்வம் கோயிலில் பொங்கல், தைப்பொங்கலுக்கு மொட்டைமாடியில் மூன்று செங்கல், வீட்டு விசேஷத்துக்குக் கோட்டை அடுப்பு. பெரும்பாலும் ஒரே கதைதான் நடக்கும். மணிக்கட்டுப் பருமனில் இரண்டு கட்டையை வைத்து, அடியில் பேப்பரைச் சுருட்டித் திணித்து, அரை தீப்பெட்டி காலியான பிறகு யாராவது ஒருவர் வண்டியிலிருந்து பெட்ரோல் பிடித்துக்கொண்டு வருவார். சுற்றி நிற்பவர்களும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள்.

அந்த இடத்தில்தான் கை முகம் வெந்துபோகிறது. எண்ணெய் ஊற்றினால்தான் எரிகிறது என்றால் உங்கள் அடுப்பில் ஏதோ தப்பு இருக்கிறது. ஒன்று விறகு ஈரம், அல்லது ஆரம்பக் குச்சி பருமன், அல்லது அடியில் காற்று போக வழியில்லை. ஊற்றிய எண்ணெய் எரிந்து தீர்ந்ததும் அதே புகைதான் மிஞ்சும், ஏனென்றால் அந்தத் தப்பு அப்படியே இருக்கிறது.

கட்டை எரிகிறது என்கிறோம். உண்மையில் சுவாலையாக எரிவது கட்டை சூடேறும்போது அதிலிருந்து வெளியேறும் ஆவி. கட்டை ஏறக்குறைய 250 முதல் 300 டிகிரி செல்சியஸ் வரை சூடானால்தான் அந்த ஆவி தாராளமாக வரும். உள்ளே தண்ணீர் இருந்தால், கொடுக்கிற சூடெல்லாம் முதலில் அதைக் கொதிக்க வைப்பதிலேயே போய்விடும். அதனால்தான் பச்சை விறகு முனையில் நுரை கக்கிக்கொண்டு கிடக்கிறது, பற்றுவதில்லை. கண்ணைக் கரிக்கும் அடர்த்தியான வெள்ளைப் புகை என்பது நீராவியோடு கலந்து எரியாமல் தப்பிப்போகும் அதே ஆவிதான். இது ஒன்று மனதில் இருந்தால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

முதல் வேலை விறகு பார்ப்பது

அன்று வெட்டிய மரத்தில் எடையில் பாதி அளவுக்குக்கூடத் தண்ணீர் இருக்கலாம். நன்றாகக் காய்ந்த விறகில் அது 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கியிருக்கும். அளக்கக் கருவி வேண்டாம். இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டுங்கள். காய்ந்தது ‘டங்’கென்று ஒலிக்கும், ஈரம் ‘தொப்’பென்று மந்தமாகக் கேட்கும். வெட்டுமுனையில் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக வெடிப்பு ஓடியிருக்க வேண்டும். பட்டை தட்டினால் உதிர வேண்டும். கையில் தூக்கினால் பார்வைக்குத் தோன்றுவதைவிட இலேசாக இருக்க வேண்டும். விறகுக்கடையில் எடைக்கு வாங்குகிறீர்கள் என்பதை மறந்துவிடாதீர்கள். ஈர விறகு வாங்கினால் தண்ணீருக்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்கிறீர்கள்.

சீமைக்கருவேலத்தை யார் எவ்வளவு திட்டினாலும் அடுப்புக்கு அது அருமையான விறகு. நின்று எரியும், நல்ல கங்கு விடும். முள்ளைச் செதுக்கிவிட்டா விற்றார்கள் என்று மட்டும் பார்த்துக் கையில் எடுங்கள். சவுக்கும் புளியும் அதே தரம். முருங்கை, கல்யாண முருங்கை, இலவம் போன்ற பொத்தல் மரங்கள் சீக்கிரம் சாம்பலாகிவிடும், சோற்றுப் பானைக்குத் தாங்காது. எது கிடைத்தாலும் பிளந்து காயவைத்தது நல்லது. முழு உருட்டுக்கட்டைக்குள் ஈரம் பட்டைக்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கும்.

சிலவற்றை அடுப்புப் பக்கமே கொண்டுவரக் கூடாது. தோட்டத்தில் கழித்த அரளிக் குச்சி ஒன்று. செடி முழுக்க விஷம், புகையும் ஆகாது. பெயிண்ட் அடித்த பழைய ஜன்னல் சட்டம், பிளைவுட், பார்ட்டிக்கிள் போர்டு ஆகியவையும் கூடாது. அவற்றில் உள்ள பசையும் வண்ணமும் புகையாகி முதலில் உங்கள் நெஞ்சுக்குள்தான் போகும், பிறகு திறந்திருக்கும் குழம்புக்குள். மூங்கிலை எரிக்கலாம், ஆனால் பிளந்து. கணு மூடிய முழு மூங்கில் உள்ளே காற்று விரிந்து பட்டாசு போல வெடித்து கங்கைச் சிதறடிக்கும்.

பற்றவைக்கும் பொருளுக்குத் தென்னை மரத்தடியே போதும்

பெட்ரோலுக்கு மாற்று என்ன என்று கேட்பவர்கள் தென்னந்தோப்புக்குள் ஒரு சுற்று நடந்து வரலாம். மட்டை அடியில் வலைபோலப் பின்னிக் கிடக்கும் பன்னாடைக்கு (சில ஊர்களில் சில்லாட்டை) இணையான பற்றுபொருள் கடையில் கிடையாது. ஒரு குச்சியில் பற்றிவிடும். அடுத்தது காய்ந்த பாளை. அதை நீளவாக்கில் விரல் அகலத்துக்குக் கிழித்துக்கொண்டால் சுள்ளி வேலையை அதுவே பார்க்கும். தேங்காய் நார், காய்ந்த பனையோலை, பருத்தி மார், துவரை மார், சோளத்தட்டை என்று உங்கள் ஊரில் எது விளைகிறதோ அது. கொட்டாங்குச்சி இரண்டாம் கட்டத்துக்கு உதவும். பிடித்துவிட்டால் நல்ல சூடு தரும், ஆனால் தீக்குச்சிக்கு நேரடியாக மசியாது.

நகரத்தில் தென்னை இல்லையென்றால் செய்தித்தாள் போதும். பளபளப்பு விளம்பரத் தாள் வேண்டாம், அது எரிவதைவிடக் கருகுவதே அதிகம். பேப்பரைத் தளர்வாகக் கசக்குங்கள். இறுக்கிப் பந்தாக்கினால் வெளியே மட்டும் கருகி நின்றுவிடும். நிறையத் திணித்தாலும் ஆபத்து, எரிந்த தாள் கங்கோடு பறந்து அடுத்த வீட்டு ஓலைக்கூரை வரைக்கும் போகும்.

தை மாதத்துக் காலையில் மாடியில் பொங்கல் வைப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. முதல் நாள் இரவே விறகைக் கொண்டுபோய் மாடியில் அடுக்கிவிடுவார்கள். பனி கொட்டி, விடியற்காலையில் தொட்டால் எல்லாம் பிசுபிசுவென்று இருக்கும். பன்னாடையையும் சுள்ளியையும் இரவில் வீட்டுக்குள் வையுங்கள். கட்டையைக் கொஞ்சம் பனி தொட்டாலும் பரவாயில்லை, பற்றுபொருள் மட்டும் உலர்ந்தே இருக்க வேண்டும்.

அடுப்பு உட்காரும் இடம்

மண்தரை என்றால் கவலையில்லை. மாடியிலோ டைல்ஸ் தரையிலோ என்றால் இரண்டு மூன்று அங்குலம் மணல் பரப்பி, அதன்மேல் செங்கல் வைத்துத்தான் அடுப்புக் கூட்ட வேண்டும். சூடுபட்ட கான்கிரீட் உள்ளிருக்கும் ஈரத்தால் பொரிந்து சில்லாகத் தெறிக்கும், டைல்ஸ் விரிசல் விடும். அதே காரணத்தால் அடுப்புக்கல்லாக ஹாலோ பிளாக்கும் ஆகாது. சுட்ட செங்கல்தான் சரி. ஆற்றங்கரையில் சமைக்கப் போகிறவர்கள் தண்ணீருக்குள் கிடந்த கூழாங்கல்லை எடுத்து அடுப்புக் கூட்டிவிடாதீர்கள். ஊறியிருக்கும் கல் நெருப்பில் வெடிக்கும், அதன் சில்லு கண்ணைத் தேடி வரும்.

தலைக்கு மேலே பாருங்கள். சாமியானா, ஓலைப்பந்தல், துணி காயும் கொடி எதுவும் இருக்கக் கூடாது. கேஸ் சிலிண்டர் உள்ள அறையில் விறகடுப்பு வேண்டாம். கசியும் கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழ்ந்து அடுப்பு வாய்க்கு வந்துவிடும். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்து, அது உங்கள் முதுகுப் பக்கமிருந்து அடுப்பு வாய்க்குள் போகும்படி உட்காருங்கள். தீக்குச்சியை எடுப்பதற்கு முன்பே ஒரு வாளித் தண்ணீரும் ஒரு வாளி மணலும் கை எட்டும் தூரத்தில் இருக்கட்டும். தீப்பிடித்த பிறகு வாளியைத் தேடுவதில் அர்த்தமில்லை.

உடுப்பு பருத்தியாக இருக்கட்டும். அதுவும் எரியும்தான், ஆனால் நைலானும் பாலியஸ்டரும் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். முந்தானையைச் சுற்றி இடுப்பில் செருகுங்கள், துப்பட்டாவைக் கழற்றி வையுங்கள், தலைமுடியை முடியுங்கள். வேட்டிக்காரர்களுக்கும் இதே சட்டம். மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் தொங்கும் முனையைக் கவனியுங்கள்.

அடுக்கிப் பற்றவைத்தல்

கையில் மூன்று பருமனில் குச்சிகள் தயாராக இருக்க வேண்டும்: ஈர்க்குச்சியிலிருந்து பென்சில் வரை ஒரு கைப்பிடி, விரல் பருமனில் இன்னொரு கைப்பிடி, பிறகு பெரிய கட்டை. பெரும்பாலானோர் நடுப்படியை விட்டுவிடுகிறார்கள். பேப்பர் எரிந்து முடியும் நேரத்துக்குள் மணிக்கட்டுப் பருமன் கட்டை ஒருபோதும் பற்றாது.

அடுப்பில் பழைய சாம்பல் மண்டியிருந்தால் வாரி எடுங்கள், ஒரு மெல்லிய படுகை மட்டும் விட்டால் போதும். சாம்பல் அடைத்தால் கீழேயிருந்து காற்று வராது. இரு பக்கமும் ஒவ்வொரு விறகை நீளவாக்கில் வைத்து, நடுவில் பன்னாடையைத் தளர்வாகப் போடுங்கள். அதன்மேல் பென்சில் பருமன் சுள்ளிகளைக் குறுக்கும் நெடுக்குமாக, இடைவெளி தெரிகிற மாதிரி பரப்புங்கள். பானையை இன்னும் ஏற்ற வேண்டாம். ஜில்லென்ற பானையின் அடிபட்டுச் சிறு தீ அணைந்துபோகும்.

தீக்குச்சியைக் கிழித்து, அடுப்பு வாயருகே அடியில், பன்னாடையின் ஓரத்தில் காட்டுங்கள். மேலே காட்டிப் பயனில்லை, சுவாலை ஏறும் திசை மேல்நோக்கித்தான். பற்றியதும் கையை எடுத்துவிட்டுச் சற்று நேரம் சும்மா இருங்கள். இந்தச் சும்மா இருப்பதுதான் புதியவர்களுக்குக் கடினம். ஊதுவதும் கிளறுவதும் மேலும் மேலும் சொருகுவதுமாகத் தீயை மூச்சுத்திணற வைத்துவிடுவார்கள். சுள்ளிகள் சடசடவென்று சத்தம் போட ஆரம்பித்ததும் விரல் பருமன் குச்சிகளை இரண்டு இரண்டாக வையுங்கள். அவையும் பிடித்த பிறகுதான் பெரிய விறகு. முனைகள் மட்டும் நடுவில் சேரும்படி, ஒன்றன்மேல் ஒன்று ஒட்டாமல் வையுங்கள். ஒற்றைக் கட்டை தனியாக எரியாது. இரண்டு மூன்று கட்டைகள் பக்கம் பக்கமாக இருந்தால் ஒன்றின் சூட்டில் மற்றது எரியும். எரிய எரிய உள்ளே தள்ளிக்கொண்டே போகலாம், சூட்டைக் கூட்டுவதும் குறைப்பதும் இதே தள்ளலில்தான்.

ஊதுகுழலுக்கு ஒரு முறை உண்டு. சுவாலையை நோக்கி ஊதினால் அணையும், அடியில் சிவந்திருக்கும் கங்கை நோக்கி நீளமாக, மெதுவாக ஊத வேண்டும். மூச்சை இழுக்கும்போது வாயைக் குழலிலிருந்து எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் புகையையும் சாம்பலையும் உள்ளே இழுப்பீர்கள். புகை மட்டும் குமுறிக்கொண்டு தீயே தெரியாத அடுப்பின் மேல் முகத்தை நேராகக் கொண்டுபோகாதீர்கள். அந்தப் புகையே எரிபொருள் என்று மேலே சொன்னேன். கங்கு கொஞ்சம் காற்றுப் பட்டுச் சுவாலையானால், தேங்கிய புகை முழுதும் ஒரே நொடியில் குபீரென்று பற்றும். புருவம் கருகிய சமையல்காரர்களில் பலருக்குக் காரணம் எண்ணெய் கிடையாது, இதுதான். குழல் நீளமாக இருக்கட்டும், முகம் பக்கவாட்டில் இருக்கட்டும்.

எதை ஊற்றக் கூடாது, ஏன்

பெட்ரோல் சுமார் மைனஸ் 40 டிகிரி குளிரிலேயே தீப்பற்றும் அளவுக்கு ஆவி விடும். நம்மூர் வெயிலில் கேட்கவே வேண்டாம். அந்த ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம். ஊற்றிவிட்டுக் கேனை மூடி, தீப்பெட்டியைத் தேடி எடுப்பதற்குள் அது கண்ணுக்குத் தெரியாமல் தரையோடு பரவி உங்கள் காலடி வரை வந்திருக்கும். குச்சியைக் கிழித்ததும் விறகோடு சேர்ந்து உங்களைச் சுற்றியிருக்கும் காற்றும் எரியும். இதில் லாவகம், அனுபவம் என்று எதுவும் கிடையாது. எவ்வளவு கொஞ்சமாக ஊற்றினாலும் கூடாது.

மண்ணெண்ணெய் அப்படியில்லை, குளிர்ந்திருக்கும்போது அது மெதுவாகத்தான் பற்றும், சாதாரணமாக 35 டிகிரிக்கு மேல்தான் தீப்பற்றும் அளவுக்கு ஆவி வரும். இந்த நிதானம்தான் ஏமாற்றுகிறது. அணைந்தது போலிருக்கும் அடுப்பில், கங்கின் மேல், ‘கொஞ்சம் விட்டால் பிடித்துக்கொள்ளும்’ என்று ஊற்றும்போது அது உடனே வெள்ளை மூட்டமாக ஆவியாகும். பிறகு அந்த மூட்டம் மொத்தமாகப் பற்றும். ஊற்றிக்கொண்டே இருந்தால் சுவாலை எண்ணெய்த் தாரையைப் பிடித்துக்கொண்டு கேன் வாய்க்கு ஏறும். பதறிக் கேனை வீசுவோம், பக்கத்தில் நிற்கும் குழந்தை மேல் போய் விழும். டீசலுக்கும் இதேதான். பெயிண்டுக்கு ஊற்றும் தின்னர் பெட்ரோலின் தம்பி, அதைப் பற்றித் தனியாகச் சொல்ல ஒன்றுமில்லை.

கொரோனாவுக்குப் பிறகு வீடுதோறும் கிடக்கும் சானிடைசர் புது வில்லன். ஆல்கஹால் எரியும் சுவாலை வெளிர்நீலம், பகல் வெளிச்சத்தில் தெரியவே தெரியாது. அணைந்துவிட்டது என்று நினைத்து இன்னொரு முறை பிழிவார்கள், தீ பாட்டிலுக்குள் போகும்.

பால் கவர், பழைய செருப்பு, டயர் துண்டு போட்டுப் பற்றவைக்கும் வழக்கம் பல ஊர்களில் இன்னும் இருக்கிறது. பற்றும் என்பது உண்மை. உருகிய பிளாஸ்டிக் எரிந்துகொண்டே சொட்டும், கையில் பட்டால் உதறினாலும் போகாது. அந்தப் புகையில் இருப்பவை சமையலறைக்குள் இருக்கத் தகுந்தவை அல்ல, பிவிசி கலந்திருந்தால் இன்னும் மோசம்.

எண்ணெயின் உதவி வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவர்களுக்குப் பாதுகாப்பான வழி ஒன்று உண்டு. பழைய பருத்தித் துணியைத் திரியாக முறுக்கி, வடை சுட்டு மிஞ்சிய எண்ணெயிலோ விளக்கெண்ணெயிலோ தோய்த்து, பற்றவைப்பதற்கு முன்பே சுள்ளிக்கு அடியில் வையுங்கள். எண்ணெய்ப் பாட்டிலை மூடி வேறு அறையில் வைத்துவிட்டு வந்து தீ வையுங்கள். சமையல் எண்ணெய் ஆவியாகிக் குபீரென்று பற்றாது, விளக்குத் திரி போல நின்று எரியும், ஈரச் சுள்ளியையும் உலர்த்திக் கொடுத்துவிடும். சிறு கற்பூரத் துண்டு ஒன்றும் இப்படி உதவும். அதையும் முன்பே வைத்துவிட வேண்டும், எரியும் அடுப்பில் கையால் போடக் கூடாது.

எது செய்தும் தீ அணைந்துவிட்டால், பிரித்து எடுத்துவிட்டு முதலிலிருந்து அடுக்குவதுதான் வேகமான வழி.

மீறித் துணியில் தீப்பிடித்தால் ஓடக் கூடாது, ஓடினால் காற்றுப் பட்டுத் தீ வளரும். தரையில் படுத்து உருள வேண்டும், மற்றவர்கள் கனமான பருத்திப் போர்வையோ ஈரச் சாக்கோ போட்டு மூட வேண்டும். சுட்ட இடத்தைக் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். ஐஸ் வேண்டாம். வளையல், மோதிரத்தை வீங்குவதற்கு முன் கழற்றுங்கள். பேஸ்ட், பேனா மை, இட்லி மாவு, வெண்ணெய் எதையும் தடவாதீர்கள், டாக்டர் அதைச் சுரண்டி எடுக்கும்போதுதான் வலி தெரியும். கொப்புளத்தை உடைக்காமல் சுத்தமான துணியால் தளர்வாக மூடுங்கள். முகம், கை, மூட்டில் சுட்டிருந்தாலோ, காயம் உள்ளங்கையைவிடப் பெரிதாக இருந்தாலோ யோசிக்காமல் 108.

எரியும்போது

நன்றாக எரியும் அடுப்பில் புகை மெல்லியதாக, கிட்டத்தட்டத் தெரியாமல் இருக்கும். புகை வெளுத்து அடர்ந்தால் கட்டைகளைச் சற்று வெளியே இழுத்து இடைவெளி கொடுங்கள். சமையலறைக்குள் என்றால் கதவும் ஜன்னலும் திறந்திருக்க வேண்டும், புகைபோக்கியில் கரி அடைந்திருந்தால் அதை முதலில் தட்டியாக வேண்டும். வீட்டுப் புகையால் 2020இல் மட்டும் உலகெங்கும் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுப்பு ஊதுவது நம் வீடுகளில் சர்வ சாதாரணம். அதை நிறுத்தினாலே பெரிய விஷயம்.

புகை இல்லாத கங்கு இன்னும் வஞ்சகமானது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. ஊட்டி, கொடைக்கானல் குளிரில் கரியடுப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திப் படுத்தவர்கள் எழுந்திருக்காத செய்திகளைப் படித்திருப்பீர்கள். தலை கனத்து, குமட்டிக்கொண்டு வந்தால் முதலில் வெளியே வாருங்கள், அடுப்பைப் பிறகு பார்க்கலாம்.

அணைப்பது

எரியும் அடுப்பில் வாளித் தண்ணீரைக் கவிழ்க்காதீர்கள். நீராவியும் சாம்பலும் முகத்தில் அடிக்கும், மண்ணடுப்பு விண்டுபோகும். கொள்ளிகளை வெளியே இழுத்து, தரையில் தட்டி, மணலில் செருகுங்கள் அல்லது தள்ளி நின்று தண்ணீர் தெளியுங்கள். தோட்டத்தில் காற்று வீசும் நாளென்றால் மண்ணைப் போட்டு மூடிவிட்டுத் தண்ணீரும் ஊற்றிவிட்டுத்தான் நகர வேண்டும். வாணலியில் எண்ணெய் பற்றிக்கொண்டால் தண்ணீர் கூடவே கூடாது, தட்டைப் போட்டு மூடி விறகை இழுத்துவிடுங்கள்.

தினமும் விறகில் சமைக்கும் வீடுகளில் இரவு அடுப்பை முழுதாக அணைப்பதில்லை. கனமான ஒரு கங்கைச் சாம்பலுக்குள் புதைத்து வைத்துவிடுவார்கள். காலையில் சாம்பலை விலக்கி, சிவந்திருக்கும் கங்கின் மேல் ஒரு பிடி பன்னாடையை வைத்துக் குழலால் ஊதினால் தீப்பெட்டியே வேண்டாம். எண்ணெயே தேவைப்படாத முறை இது. ஆனால் மேலே சொன்ன கார்பன் மோனாக்சைடு ஆபத்து இந்தக் கங்குக்கும் உண்டு, கதவைச் சாத்திப் படுக்கும் அறையில் வேண்டாம். அடுப்பைச் சுற்றி எதுவும் பரப்பி வைக்காமல், வீட்டு ஆட்கள் கண் பார்வையில் இருக்கும் அடுப்பாக இருக்கட்டும்.

மேலே குளிர்ந்துகிடக்கும் சாம்பலுக்குள் மறுநாளும் நெருப்பு இருக்கும் என்பதற்கு இதுவே சாட்சி. அள்ளிய சாம்பலை பிளாஸ்டிக் கூடையிலோ, குப்பைமேட்டிலோ, வைக்கோற்போர் பக்கமோ கொட்டாதீர்கள். மூடியுள்ள தகர டின்னில் போட்டு, சுவரையும் கூரையையும் தொடாத இடத்தில் இரண்டு நாள் வைத்துவிட்டு, கையை விட்டுக் கிளறாமல் குச்சியால் கிளறிப் பார்த்துவிட்டு, அதன்பிறகு கத்தரிச் செடிக்குப் போடுங்கள்.